நாற்காலியைத் திருப்பிப் பாருங்கள்: தாமஸ் சிப்பென்டேல் பற்றி ஓர் உரை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

திரையில் ஒரு நாற்காலி இருக்கிறது. மகாகனி மரம். முதுகுப்பலகையில் இடைவெளி விட்டுக் கொடிபோலச் செதுக்கிய வேலை. முன்கால் இரண்டும் வில்லாக வளைந்து இறங்கி, பறவையின் நகம் ஓர் உருண்டையைக் கவ்விக்கொண்டது போல முடிகின்றன. பழம்பொருள் வாங்கி விற்பவர்களிடம் இதைக் காட்டினால் யோசிக்காமல் "சிப்பென்டேல்" என்பார்கள்.

லண்டனில் மரச்சாமான் பட்டறை நடத்திய தாமஸ் சிப்பென்டேல் 1754ல் வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தில் 160 செப்புத்தகட்டுப் படங்கள் உண்டு. 1762ல் வந்த மூன்றாம் பதிப்பில் அது 200 ஆயிற்று. அத்தனையையும் ஒவ்வொன்றாகப் புரட்டினாலும் நகமும் உருண்டையுமான அந்தப் பாதம் ஒன்றுகூட அகப்படாது. அவர் புத்தகம் போட்டபோதே லண்டனில் அது பழைய மோஸ்தர் ஆகிக்கொண்டிருந்தது. ஆனால் இன்று உலகம் முழுக்க அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அடையாளம் அதுதான்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. சிப்பென்டேல் என்று சொல்லும்போது நாம் இரண்டு விஷயங்களைக் கலந்துவிடுகிறோம். ஒன்று, லண்டனில் பட்டறை நடத்தி, பிரபுக்களிடம் பாக்கி கேட்டுக் கடிதம் எழுதியே களைத்துப்போன ஒரு மனிதர். மற்றது, கடல் தாண்டிப் போய், அவர் கண்ணால் பார்த்திராத ஊர்களில் அவர் கை படாத நாற்காலிகளுக்கு அவர் பெயரை வாங்கிக்கொடுத்த ஒரு புத்தகம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் அந்த மனிதருக்கு உரிய மரியாதையைச் செய்ய முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் மனிதர். இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயரில், வார்ஃப் ஆற்றங்கரையில் ஓட்லி என்று ஒரு சந்தை ஊர். அங்கே 1718 ஜூன் 5ஆம் தேதி ஞானஸ்நானம் பெற்றவர் தாமஸ். அப்பா ஜான் தச்சர். தாமஸ் 1748ல் லண்டனில் கேத்தரின் ரெட்ஷாவைத் திருமணம் செய்கிறார். அடுத்த ஆறு ஆண்டுகளில் மூன்று இடம் மாறுகிறார். முதலில் லாங் ஏக்கரை ஒட்டிய ஒரு சந்து, பிறகு ஸ்ட்ராண்ட் பக்கம் ஒரு முற்றம், 1754ல் செயின்ட் மார்ட்டின்ஸ் லேன். அந்தத் தெருவில் 60 முதல் 62 வரை எண்ணிட்ட கட்டடங்களில் அவர் வைத்த தொழில் 1813 வரை அங்கேயே நடந்தது. கடை வாசலில் தொங்கிய அடையாளப் பலகையில் ஒரு நாற்காலி.

அந்தத் தெருவைத் தேர்ந்தது சாதாரண விஷயம் இல்லை. ஓவியர் ஹோகார்த் நடத்திய ஓவியப் பள்ளி அங்கே இருந்தது. பிரான்ஸிலிருந்து வந்த ரொகோகோ பாணியை, அதாவது சிப்பியும் இலையும் நெளியும் வளைவுமான அந்த அலங்காரத்தை, லண்டனுக்குப் பழக்கியவர்கள் அங்கேதான் கூடினார்கள். அரச குடும்பத்துக்கு மரச்சாமான் செய்த வைல், காப் என்ற இருவரின் கடையும் அதே தெருவில். சிப்பென்டேலுக்கு அந்த அரச நியமனம் கடைசி வரை கிடைக்கவில்லை. போட்டிக்காரர்களின் வாசலிலேயே கடை போடுகிற துணிச்சல் மட்டும் இருந்தது. தொழிலுக்கு மூலதனம் போட்டவர் ஜேம்ஸ் ரானி என்ற ஸ்காட்லாந்து வியாபாரி.

அதே 1754ல்தான் புத்தகம் வருகிறது. பெயர் 'தி ஜென்டில்மேன் அண்ட் கேபினட்-மேக்கர்ஸ் டைரக்டர்'. தலைப்பே இரண்டு பேரைக் கூப்பிடுகிறது: சாமான் வாங்கும் கனவான், சாமான் செய்யும் தச்சர். 300க்கும் மேற்பட்டவர்கள் முன்பணம் கட்டி வாங்கினார்கள். அந்தப் பட்டியலில் பிரபுக்கள் பெயர் மேலே பளிச்சென்று தெரியும். எண்ணிப் பார்த்தால் பெரும்பங்கு கைத்தொழில்காரர்கள்தான். நார்தம்பர்லாந்து பிரபுவுக்குக் காணிக்கை என்று முதல் பக்கம் சொல்கிறது. ஆனால் புத்தகத்தை எண்ணெய்க் கையோடு புரட்டியவர்கள் தச்சர்கள்.

அதற்கு முன்பும் மரச்சாமான் படங்கள் துண்டு துண்டாக அச்சானது உண்டு. நாற்காலி, கட்டில், புத்தக அலமாரி, எழுது மேசை, கண்ணாடிச் சட்டம், தேநீர்ப் பெட்டி என்று ஒரு வீட்டுக்கு வேண்டிய அத்தனையையும் ஒரே கட்டாக, பெரிய அளவில், ஒரு தச்சர் தன் பெயரில் போட்டது இதுதான் முதல் தடவை. படங்களை சிப்பென்டேல் வரைந்து கொடுத்தார். செப்புத்தகட்டில் வெட்டிய வேலை பெரும்பாலும் மேத்யூ டார்லியுடையது. தொடக்கப் பக்கங்களில் கிரேக்க, ரோமானியத் தூண்களின் ஐந்து வகை அளவுமுறையும், தூரக்காட்சி வரையும் முறையும் வருகின்றன. தூணின் அடி, உடல், தலை என்ற விகிதம் தெரியாதவன் அலமாரிக்கு விகிதம் கண்டுபிடிக்க முடியாது என்பது அவர் கருத்து. நம் ஸ்தபதிகளிடம் தாளமானம் பற்றிக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

புத்தகத்தை ஒரு தச்சர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தில் ஒரு நாற்காலிதான் இருக்கும். ஆனால் இடது முன்கால் ஒரு மாதிரி, வலது முன்கால் வேறு மாதிரி. படம் தவறிப்போனது என்று நினைக்க வேண்டாம். வாங்குபவருக்குத் தேர்வு கொடுப்பதற்காகவே கால்களை வேறுபடுத்தியிருக்கிறேன் என்று சிப்பென்டேலே எழுதுகிறார். அளவும் தருகிறார். ஆசனத்துக்கு மேல் முதுகின் உயரம் 22 அங்குலத்தைத் தாண்டுவது அபூர்வம் என்கிறார். மெத்தையைச் சட்டத்தின் மேல் இழுத்துப் போர்த்தினால் அழகு, பித்தளை ஆணியை ஒரு வரிசையாகவோ இரண்டு வரிசையாகவோ அடிக்கலாம், ஜன்னல் திரைக்கு எடுத்த துணியையே நாற்காலிக்கும் போடுவது வழக்கம் என்றெல்லாம் குறிப்பு வருகிறது.

ஆனால் எப்படி இணைப்பது என்று ஒரு வரிகூட இல்லை. கழுந்து, அதாவது துளைக்குள் செருகும் மரமுனை, எத்தனை அங்குலம், எந்தப் பலகையை எப்படி அறுப்பது என்பதெல்லாம் படிப்பவருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார். சின்னப் படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கும்போது கவனம் வேண்டும் என்று மட்டும் எச்சரிக்கிறார். அந்த எச்சரிக்கையில்தான் தொழில் முழுவதும் இருக்கிறது. காகிதத்தில் ஒரு நூலிழை தடித்த கோடு முழு அளவில் கால் அங்குலமாகும். வளைவு ஒரு துளி மந்தமானால் நாற்காலி குந்தியிருப்பது போலத் தெரியும்.

சரி, நாற்காலியைச் செய்து பார்ப்போம்.

பின்காலும் முதுகின் பக்கத்தூணும் ஒரே மரத்துண்டு. ஆசனத்துக்குக் கீழே பின்னோக்கிச் சாயும், மேலே மறுபடி பின்னோக்கி வளையும். மேலிருந்து கீழ்வரை சுமார் 38 அங்குலம். அந்த வளைவு ஒரு பலகைக்குள் அடங்க வேண்டுமென்றால் பலகை அகலமாக இருக்க வேண்டும், வெட்டியதுபோக நிறைய வீணாகும். அதனால் மெல்லிய பலகையில் அச்சு வெட்டி வைத்து, ஒன்றுக்குள் ஒன்று படுத்திருப்பது போல அடுக்கிக் கோடு போட்டு அறுப்பார்கள். இதில் நடக்கும் தவறு என்ன? மரத்தின் இழை ஓட்டத்தைப் பார்க்காமல் இடத்தை மட்டும் பார்த்து அச்சை வைப்பது. வளைவில் இழை குறுக்கே வெட்டுப்பட்டால், உட்கார்ந்தவர் பின்னால் சாயும் முதல் நாளே ஆசனத்துக்கு மேலே அந்த இடத்தில் ஒடியும்.

ஆசனம் முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். ஆகவே பக்கச் சட்டம் பின்காலைச் செங்கோணத்தில் சந்திக்காது, சாய்வாகத்தான் சந்திக்கும். கழுந்தைச் சாய்த்து வெட்டலாம், அல்லது துளையைச் சாய்த்துத் தோண்டலாம். கழுந்தைச் சாய்த்தால் இழை குட்டையாகி வலு குறையும். துளையைச் சாய்ப்பது சிரமம், உளி பிடித்த கை நடுங்கக் கூடாது. நாற்காலியில் அதிகப் பாரம் வாங்கும் மூட்டு இதுதான். பழைய நாற்காலி ஆடுகிறது என்றால் பத்தில் எட்டுத் தடவை அங்கேதான் கை வைக்க வேண்டியிருக்கும்.

இனி முதுகுப்பலகை. சித்திர வேலை முழுக்க இதில்தான். மேலே தலைச்சட்டத்தின் துளைக்குள் போகும். கீழே நேராக ஆசனச் சட்டத்துக்குள் போகாது. பின்சட்டத்தின் மேல் தனியாக ஒரு சின்னக் கட்டை உட்காரும். ஆங்கிலத் தச்சர்கள் அதைச் 'செருப்பு' என்றே சொல்வார்கள். முதுகுப்பலகையின் அடி அந்தச் செருப்புக்குள் நிற்கும். எதற்கு இந்தத் தனிக்கட்டை? மெத்தைத் துணியைப் பின்சட்டத்தில் ஆணியடித்த பிறகு செருப்பை மேலே வைத்தால் ஆணி வரிசை மறையும். இன்னொன்றும் உண்டு. மழைக்கும் வெயிலுக்கும் பலகை குறுக்கில் விரிந்து சுருங்கும். அடியைப் பசை போட்டு இறுக்காமல் விட்டால் அது நகர்ந்துகொள்ளும். இறுக்கினால் சித்திர வேலையின் மெல்லிய இடத்தில் வெடிக்கும். 19ஆம் நூற்றாண்டில் பழைய நாற்காலி போலச் செய்து விற்றவர்கள் பலர் மரமும் நேரமும் மிச்சம் பிடிக்கச் செருப்பையும் சட்டத்தையும் ஒரே துண்டில் வெட்டினார்கள். பின்பக்கம் குனிந்து பார்த்தால் நடுவே கோடு இருக்கிறதா இல்லையா என்பது தெரியும்.

முன்கால் வளைகாலாக இருந்தால் சுமார் 3 அங்குலச் சதுரக் கட்டையில் தொடங்குவார்கள். இரண்டு முகத்திலும் ஒரே அச்சை வரைந்து, ஒரு முகத்தை அறுத்து, கழித்த துண்டையே திரும்ப ஒட்டிவைத்து மறுமுகத்தை அறுப்பார்கள். முழங்கால் போலப் புடைக்கும் இடத்தில் இருபுறமும் சின்னக் காதுபோல ஒட்டுத் துண்டு வரும். அதுதான் முதலில் கழன்று விழும், ஏனென்றால் அதைப் பிடித்திருப்பது வச்சிரப் பசை மட்டும். மெத்தை போர்த்தும் நாற்காலிகளுக்கு உள்சட்டத்தைப் பெரும்பாலும் பீச் மரத்தில் வைத்தார்கள். ஆணியை நன்றாகக் கவ்வும், விலையும் குறைவு. ஆனால் பூச்சி அதைத்தான் முதலில் தின்னும்.

வெளியே தெரிவதெல்லாம் மகாகனி. இந்த மரம் எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் போகக்கூடாது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இங்கிலாந்தில் நல்ல சாமான் என்றால் வால்நட். 1709ன் கடுங்குளிரில் பிரான்ஸின் வால்நட் மரங்கள் ஏராளமாகப் பட்டுப்போயின, 1720ல் பிரான்ஸ் ஏற்றுமதியை நிறுத்தியது. 1721ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்குச் சுங்க வரியை நீக்கியது. ஜமைக்கா மகாகனி கப்பல் கப்பலாக வந்தது. இரண்டடி, மூன்றடி அகலப் பலகை ஒரே துண்டாகக் கிடைத்தது. கோணாது, பூச்சி எளிதில் அண்டாது, எந்தத் திசையில் உளி வைத்தாலும் பிசிறில்லாமல் செதுக்கலாம். ரொகோகோவின் மெல்லிய வளைவுகளைத் தாங்கியது இந்த மரத்தின் குணம். காட்டில் அதை வெட்டி, ஆற்றங்கரைக்கு இழுத்துவந்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மனிதர்கள். அவர்களுடைய உழைப்பு ஒவ்வொரு பலகையிலும் இருக்கிறது. புத்தகத்தில் முன்பணம் கட்டியவர் பட்டியல் இருக்கிறது, இவர்கள் பெயர் எங்கும் இல்லை.

மெருகைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணாடிபோல மின்னும் மகாகனியைப் பார்த்து அதுதான் அசல் என்று பலர் நம்புகிறார்கள். அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் தேய்த்து ஏற்றும் அந்த பிரெஞ்சு பாலிஷ் 19ஆம் நூற்றாண்டில் பரவியது. சிப்பென்டேல் காலத்து வழக்கங்களில் ஒன்று, ஆளிவிதை எண்ணெயில் அல்கனெட் வேரை ஊறவைத்துச் சிவப்பேற்றி, அதோடு சலித்த செங்கல்தூளையும் சேர்த்து மரத்தில் தேய்ப்பது. கூந்தல் தைலத்துக்கு நம் வீட்டில் வேம்பாளம்பட்டை போடுவது போலத்தான் அந்த வேரும். தேய்க்கத் தேய்க்கத் தூளும் எண்ணெயும் சேர்ந்து இழையின் நுண்துளைகளை அடைக்கும். அந்தப் பளபளப்பு அடக்கமானது. பிற்காலத்தில் பழுதுபார்த்தவர்கள் அதைச் சுரண்டி எறிந்துவிட்டு அரக்கை ஏற்றியது பெரிய இழப்பு.

பட்டறைக்கு வருவோம். 1755 ஏப்ரலில் அங்கே தீப்பிடித்தது. 22 தொழிலாளர்களின் கருவிப்பெட்டிகள் எரிந்துபோயின என்று அப்போதைய செய்தி சொல்கிறது. தச்சருக்குக் கருவிப்பெட்டி என்பது வாழ்நாள் சேமிப்பு, வேறு பட்டறைக்குப் போனாலும் அதைத் தூக்கிக்கொண்டுதான் போவார். எத்தனை பேரைக் கட்டி மேய்த்த இடம் அது என்பதும் இந்தக் கணக்கில் தெரிகிறது. மரவேலைக்கு ஒரு கூடம், மெத்தை தைக்க ஒரு கூடம், வெனீர் என்னும் மெல்லிய மரத்தோல் ஒட்ட ஓர் அறை, கண்ணாடிக்கு ஓர் அறை, இறகு வைக்க ஓர் அறை, மரம் உலர்த்த ஓர் இடம், தெருவிலிருந்து வண்டி உள்ளே போக ஒரு வழி. இத்தனையும் ஓடும் இடத்தில் முதலாளி உளியைத் தொட நேரம் இருந்திருக்காது. அவர் வாடிக்கையாளரைப் பார்த்தார், படம் வரைந்தார், வேலையைப் பிரித்துக் கொடுத்தார், பில் எழுதினார். சிப்பென்டேல் கையால் இழைத்தது என்று நிச்சயமாகக் காட்ட ஒரு சாமான்கூட நம்மிடம் இல்லை. அதனால் அவர் பெருமை குறையாது. முழு வீட்டையும் ஒருவரே பொறுப்பெடுத்து நிரப்பித் தருகிற தொழிலை இவ்வளவு நேர்த்தியாக நடத்தியவர்கள் அந்தக் காலத்தில் மிகக் குறைவு.

யார்க்‌ஷயரில் நோஸ்டெல் மாளிகை. உரிமையாளர் சர் ரோலண்ட் வின். அந்த வீட்டின் நூலகத்துக்கு 1767ல் ஒரு பெரிய மகாகனி மேசை போனது, விலை 72 பவுண்டு 10 ஷில்லிங். அதே வீட்டுக் கணக்கில் சமையலறையில் இறைச்சி வெட்ட எல்ம் மரத்தில் கனமான ஒரு கட்டையும் இருக்கிறது. வெட்டுக்கட்டையும் அவர்தான் அனுப்பினார். சுவருக்குச் சீனக் காகிதம் ஒட்ட ஆள் அனுப்பினார், திரை தொங்கவிட்டார், பழையதைப் பழுது பார்த்தார். வின் பணத்தை இழுத்தடித்தார். பாக்கியைக் கேட்டு, தொழிலாளருக்குக் கூலி கொடுக்க வழியில்லை என்று சிப்பென்டேல் மன்றாடும் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. பிரபுக்களுக்குக் கடனில் கொடுப்பது அன்றைய வழக்கம், அவர்கள் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டார்கள். மரம், துணி, கூலி மூன்றுக்கும் இவர் கையிலிருந்து கொடுக்க வேண்டும். 1766 ஜனவரியில் ரானி இறந்தபோது அவர் போட்ட முதலையும் திருப்ப வேண்டியிருந்தது, சரக்கை ஏலம் விட்டார்கள். 1771ல் ரானியின் கணக்கர் தாமஸ் ஹெய்க் கூட்டாளியாக வந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. இடையே 1769ல், பிரான்ஸிலிருந்து பாதி முடித்த 60 நாற்காலிச் சட்டங்களைக் குறைந்த மதிப்புக் காட்டி இறக்கியதாகச் சுங்கத்தார் பறிமுதல் செய்தார்கள். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. பணமுடை அவரை எந்த அளவுக்கு நெருக்கியது என்பதற்கு அதுவும் சாட்சி.

இந்த நெருக்கடிக்கு நடுவேதான் அவருடைய மிகச் சிறந்த வேலை நடந்தது. அது புத்தகத்தில் இல்லாத வேலை.

1760களின் நடுவில் ரொகோகோ போய் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் கொண்டுவந்த ரோமானியப் பாணி எழுந்தது. வளைவு போய் நேர்கோடு, சிப்பி போய் மாலையும் ஜாடியும். ஐம்பது வயதில் சிப்பென்டேல் தன் கையைத் திருப்பிக்கொண்டார். யார்க்‌ஷயரின் ஹேர்வுட் மாளிகைக்கு 1773ல் அவர் அனுப்பிய அலமாரி ஒன்றை 'டயானா-மினர்வா' என்று அழைக்கிறார்கள். விலை 86 பவுண்டு. செதுக்கல் கிடையாது. சாட்டின்வுட் தளத்தில் பல நிற மரத்தோல் பதித்த படம் மட்டும்.

பக்கத்தில் போய்ப் பாருங்கள். மரத்தோல் கையால் அறுத்தது, ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் தடிமன். இன்றைய வெனீர் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. வெளிர் மரங்களைச் சாயத்தில் ஊறவைத்துப் பச்சை, சிவப்பு, நீலம் ஏற்றினார்கள். இலைக்கு நிழல் வேண்டுமென்றால் வாணலியில் சூடாக்கிய மணலில் துண்டின் ஓரத்தை மட்டும் செருகி எடுப்பார்கள். மணலுக்குள் இருந்த பக்கம் கருகிப் பழுப்பாகும், மேலே வர வர வெளிறும். ஒரு நொடி கூடினால் ஓரம் கரியாகி உதிரும். மணல் ஈரத்தை உறிஞ்சித் துண்டு சுருங்கும், ஆகவே திரும்ப ஈரம் காட்டி அளவுக்குக் கொண்டுவந்த பிறகே பதிக்க வேண்டும். இலை நரம்பு, முகத்தின் கோடு எல்லாம் ஒட்டிய பிறகு உளியால் கீறிக் கரிய பசை நிரப்பியவை. தேவதைகளின் உருவத்துக்கு யானைத் தந்தம்.

இன்று அந்த அலமாரி தேன்பழுப்பாக, அமைதியாக இருக்கிறது. சாயம் வெளிச்சத்தில் போய்விட்டது. செய்து முடித்த நாளில் அது கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருந்திருக்கும். மறைவான இடங்களில் மிஞ்சிய நிறத்தை வைத்து ஆய்வாளர்கள் பலகைகளை மறுபடி செய்து பார்த்தபோது, கிளிப்பச்சை இலைகளைக் கண்டு பலர் திகைத்தார்கள். அடக்கம்தான் அழகு என்று நாம் அந்தக் காலத்தின் மேல் ஏற்றியது நம்முடைய எண்ணம்.

ஹேர்வுட் கட்டிய எட்வின் லாஸெல்ஸின் செல்வம் பார்படோஸ், ஜமைக்கா கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது, அதாவது அடிமை உழைப்பிலிருந்து. 1777க்குள் அந்த ஒரு வீட்டுக்கே 6,800 பவுண்டுக்கு மேல் பில் போயிருக்கிறது. அரசகட்டில் ஒன்றுக்கு மட்டும் 250 பவுண்டு.

நம் பக்கத்துக் கரையோடு உள்ள ஒரு தொடர்பையும் சொல்ல வேண்டும். நடிகர் டேவிட் கேரிக், அன்றைய லண்டன் நாடக மேடையின் முதல் பெயர், தன் ஹாம்ப்டன் வீட்டுக்கு சிப்பென்டேலிடம் ஒரு கட்டில் செய்யச் சொன்னார். வெள்ளையும் பச்சையும் பூசியது. திரைத்துணி சோழமண்டலக் கரையில், மசூலிப்பட்டினத்தில் எழுதிச் சாயமிட்ட பருத்தி. கல்கத்தா நண்பர்கள் கேரிக்கின் மனைவிக்கு அனுப்பிய பரிசு. இங்கிலாந்தின் கம்பளி, பட்டு நெசவாளர்களைக் காக்க 1721லேயே இந்தியச் சாயத் துணிக்குத் தடை போட்டிருந்தார்கள். 1775ல் சுங்கத்தார் வந்து திரையை எடுத்துக்கொண்டு போனார்கள். கருவூல அதிகாரிக்குக் கேரிக் எழுதிய கடிதத்தில், பைபிளில் பிள்ளைகளுக்காக அழுத ராகேலைவிடத் தன் மனைவி அதிகம் அழுகிறாள் என்கிறார். துணி பிறகு திரும்பி வந்தது. கட்டிலும் திரையும் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கலம்காரிக் கொடிகள் நன்றாகவே தெரியும்.

கேத்தரின் 1772ல் இறந்தார். சிப்பென்டேல் 1777ல் எலிசபெத் டேவிஸை மணந்தார். 1779 நவம்பரில் காசநோயில் காலமானார், வயது 61. அதே பெயர் கொண்ட மூத்த மகன் தொழிலை நடத்தினார். திறமைசாலி. ஆனாலும் 1804ல் திவாலானார்.

மனிதர் போன பிறகும் புத்தகம் நிலைத்தது. அவர் உயிரோடு இருந்தபோதே அது பிலடெல்ஃபியா போய்ச் சேர்ந்திருந்தது. ஸ்காட்லாந்தில் பிறந்து 1763ல் அங்கே குடியேறிய தாமஸ் அஃப்லெக் என்ற தச்சரிடம் ஒரு பிரதி இருந்தது. அங்குள்ளவர்கள் தகட்டில் கண்ட இலையையும் கொடியையும் எடுத்து, தங்களுக்குப் பிடித்த நகப்பாதத்தை விடாமல் வைத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் பார்த்த நாற்காலி இப்படித்தான் உருவாயிற்று. அமெரிக்காவில் ஏறக்குறைய 1755 முதல் 1790 வரை செய்த எதற்கும் சிப்பென்டேல் பாணி என்று பெயர் நிலைத்தது. 1984ல் நியூயார்க்கில் ஃபிலிப் ஜான்சன் கட்டிய ஏ.டி. அண்ட் டி. வானளாவியின் உச்சியில் நடுவே பிளந்த முகடு இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் சிப்பென்டேல் அலமாரி என்றே பெயர் வைத்தார்கள்.

மரச்சாமான் வடிவமைப்பில் ஹெப்பில்வைட், ஷெரட்டன் என்ற மற்ற இருவரின் பெயரும் இப்படிப் புத்தகத்தால் நிலைத்தவைதான். ஹெப்பில்வைட் இறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1788ல், அவர் மனைவி ஆலிஸ் அவருடைய புத்தகத்தை வெளியிட்டார். அவர் செய்தது என்று ஆதாரத்தோடு ஒரு சாமானும் இல்லை. சிப்பென்டேல் விஷயத்தில் நமக்குப் பாக்கியம் உண்டு, மாளிகைகளின் கணக்குத்தாள்கள் தப்பின. ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் மாளிகைக்கு 1759ல் போன சாமான்களும் தாள்களும் சேர்ந்தே இருக்கின்றன. 2007ல் அவை ஏலத்தில் சிதற இருந்தபோது, அன்றைய இளவரசர் சார்லஸ் முன்னின்று 4.5 கோடி பவுண்டு திரட்டி வீட்டோடு காப்பாற்றினார்கள்.

அவர் எந்தச் சாமானிலும் முத்திரை குத்தவில்லை, பெயர் எழுதவில்லை. ஆகவே ஒரு நாற்காலி உங்கள் முன் வந்தால் முகத்தைப் பார்க்க வேண்டாம், திருப்பிப் போடுங்கள். சட்டத்தின் அடியில் சின்னத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். லண்டனிலிருந்து நாட்கணக்கில் வண்டியிலும் கப்பலிலும் போகும்போது ஆடாமலிருக்க, பெட்டிக்குள் கட்டையோடு திருகிய துளைகள் அவை. உள்பக்கம் பிடிப்பானைக் கவ்வ வெட்டிய பள்ளங்கள் இருக்கும், மூட்டுகளை இறுக்கி ஒட்டும்போது பயன்பட்டவை. அலமாரியானால் கண்ணுக்குத் தெரியாத பலகைகளில் லேசான செம்பூச்சு, சாவித்துளை 'எஸ்' எழுத்துப் போல வளைந்த வெட்டு. மேசை விளிம்பில் சன்னல் பின்னல் போன்ற மெல்லிய வேலி இருந்தால் அதன் ஓரத்தைப் பாருங்கள். ஒரே மரத்தில் வெட்டியது இழை குட்டையான இடத்தில் முறியும். மூன்று மெல்லிய தகடுகளை இழை குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒட்டி, பிறகு வெட்டியது நிற்கும். பிளைவுட் என்ற பெயர் வருவதற்கு வெகு முன்பே அந்தப் பட்டறையில் இது நடந்தது.

இவை எல்லாம் இருந்தாலும் நிரூபணம் ஆகாது. செயின்ட் மார்ட்டின்ஸ் லேனில் பழகிய ஆள் வேறு பட்டறைக்குப் போய் அதே பழக்கத்தில் செய்திருக்கலாம். செருப்பின் கோட்டையும் பார்த்து, துளையையும் எண்ணிய பிறகு, விற்பவரிடம் கேளுங்கள்: இது எந்த வீட்டிலிருந்து வந்தது, அந்த வீட்டுக் கணக்குத்தாள் எங்கே?

நன்றி, வணக்கம்.